டயப்பர் கட்டிய குதிரை

என் மகளுக்கு டயப்பர் மாற்றினால், சரியாகக் கட்டினேனா என்று இரண்டு முறை பிரித்துப் பார்ப்பேன். ஆனால் டயப்பர் கட்டுவதை நான் முதலில் உற்றுப் பார்த்தது குழந்தைக்கு இல்லை, குதிரைக்கு.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எங்கள் ஊர் ஏம்பலத்தில் அப்பா ஒரு வெள்ளைப் பெண்குதிரை வைத்திருந்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும். கிருமாம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். அன்று காலையில்தான் குளம்பு சீவ ஆள் வந்தார். போதும் என்று அவர் கத்தியைத் துடைத்து வைத்தும் அப்பா விடவில்லை.

“இன்னும் கொஞ்சம் சீவுப்பா. வீடியோவுல குளம்பு பளிச்சுனு தெரியணும்.”

அழகாகத்தான் இருந்தது. ஆனால் வாசல் ஜல்லியில் கால் வைத்ததும் குதிரை உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மாட்டு டாக்டர் போனில் சொன்னார்: அடிப்பாதம் மெலிந்துவிட்டது, மெத்தென்று ஏதாவது வைத்துக் கட்டுங்கள், மண்ணில் நிற்கட்டும், சில நாள் யாரையும் ஏற்றாதீர்கள்.

அப்பா சாக்கைக் கட்டிப் பார்த்தார். நழுவியது.

அம்மா அறையிலிருந்து வந்தாள். தம்பி பிறந்து ஒரு மாதம் ஆகவில்லை. சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். கையில் தம்பியின் டயப்பர்கள். அவள் சொல்லச் சொல்ல அப்பா குளம்பில் பொதிந்து டேப் சுற்றினார். குதிரை பெருமூச்சு விட்டது. அல்லது நான் பிற்பாடு சேர்த்துக்கொண்டேனோ என்னவோ.

“பாத்தியா, நல்லா நிக்குது. மெதுவா ஓட்டினு போய்டறேன்.”

“நிக்கிறது வேற, நடக்கிறது வேறங்க. வலிக்குதுன்னு அது வாயத் தொறந்து சொல்லுமா? வராதுன்னு போன் போட்டுச் சொல்லிடுங்க.”

அப்பா சுவரில் ஊன்றியிருந்த அவள் கையைப் பார்த்தார். பிறகு போன் போட்டார். மாப்பிள்ளையின் மாமா நம்பாமல் நேரிலேயே வந்துவிட்டார்.

“இன்னாய்யா, குதிரைக்கு டயப்பரா? பால் பாட்டில் எங்க?” திட்ட வந்தவர் சிரித்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை காரில் ஊர்வலம் போனார்.

மறுநாள் அப்பா கொட்டிலில் மணல் பரப்பினார். பரப்பிவிட்டு வந்து, துணி துவைக்க உட்கார்ந்திருந்த அம்மாவை எழுப்பிப் படுக்க அனுப்பினார். அந்த வாரம் முழுக்கச் சமையலும் துவையலும் அவரே. அம்மா அப்பா இருவருக்கும் நன்றி சொல்ல எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்று எனக்கு இருந்தது ஒரு சந்தேகம் மட்டும்.

“அம்மாவுக்கு யாரும் கால் சீவலியேப்பா, ஏன் படுத்துனு இருக்காங்க?”

அப்பா தம்பியின் துணியை இன்னொரு முறை பிழிந்தார்.