கருப்புக் கிடாயின் இருமல்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்புக்குள் நான் வைத்திருக்கும் சிறிய ஆட்டுப் பண்ணையில் ஒரு பெண் வேலை பார்க்கிறாள். இருபத்தைந்து வயதிருக்கும், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருப்பாள். ஆடு வாங்க யார் வந்தாலும், நான் விலை சொல்வதற்குள் ஆட்டுக்கு ஒரு குறை சொல்லிவிடுவாள்.

“கருப்புக் கிடா வேணாங்க, ராவெல்லாம் இருமுது” என்று அவள் சொன்னதும் ஒருவர் திரும்பிப் போய்விட்டார்.

“அது இருமி நான் கேட்டதே இல்லையே?” என்று கத்தினேன்.

“நானுங் கேட்டதில்லண்ணே. இன்னுங் கொஞ்ச நாளு இருக்கட்டுமேன்னுதான்.”

அவள் லீவு போட்ட அன்று அதை விற்றேன். மறுநாள் வந்தவள் அதைக் கட்டியிருந்த கயிற்றைச் சுருட்டி வைத்தாள். இப்போதெல்லாம் வியாபாரி வந்தால், வாயைத் திறக்காமல் கொட்டகைக்குள் போய்விடுகிறாள். விற்பனை நன்றாகவே நடக்கிறது. ஆனாலும் அவள் மேல் எனக்கிருக்கும் எரிச்சல் அடங்கவே இல்லை.