மித்காவில் இறங்காத மோசே

2009 மாசியில், பனி கொட்டி லண்டனில் பஸ் எல்லாம் நின்றுபோன கிழமைக்கு அடுத்த ஞாயிறு, கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தமிழ் ஆராதனை. என் மருமகன் வேதபாடம் வாசித்தார். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் எங்கெங்கே பாளயமிறங்கினார்கள் என்ற நீண்ட பட்டியல். பாதியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. தாராகிலிருந்து ஒரே தாவலில் அஸ்மோனாவுக்குப் போய்விட்டார். காரில் வரும்போது மெல்லச் சொன்னேன், நடுவில் மித்கா இருக்கிறதே என்று.

"மண்டபத்தைத் திருப்பிக் குடுக்க நேரமாச்சு, மாமி. மித்காவிலை என்ன நடந்தது? ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

வாக்குவாதப்பட எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு வீட்டில் நின்றவள். ஆனால் மித்காவில் நான் நின்றிருக்கிறேன். கையில் மட்டை பிடித்துக்கொண்டு, சித்திரை வெயிலில்.

அப்போது எனக்கு எட்டு வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் கோயிலுக்குப் புதிதாய் வந்த போதகர், இஸ்ரவேலர் பயணத்தை ஊர்வலமாக நடத்த வேண்டும் என்றார். ஒவ்வொரு கிறிஸ்தவ வீடும் ஒரு பாளயம். வாசலில் ஒரு பிள்ளை ஊர்ப்பெயர் எழுதிய காகித மட்டையோடு நிற்கும். சனம் பாடிக்கொண்டு வந்து இறங்கி, அந்த வீட்டார் கொடுப்பதைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். கடைசியில் கோயில்தான் கானான். அங்கே சாப்பாடு.

மோசே என் மாமா, அம்மாவின் தமையன். வீடுகளைப் பங்கிட்டதும் அவர்தான். பெரிய கிணறும் தென்னைகளும் உள்ள வீட்டுக்கு ஏலிம் போயிற்று. கசப்புத் தண்ணீர் ஊரான மாராவை ஒருவரும் ஏற்காததால் அதைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். ஊர்க் கடைசியில் பனை ஏறுகிற குடும்பத்துக்கும் ஒரு பாளயம் வேண்டும் என்று போதகர் பிடிவாதம் பிடித்தார். அவர்கள் கோயிலில் பின்னால் பாயில் இருப்பவர்கள். முன்னால் உட்காரும் வாங்குகள் வெறுமையாய்க் கிடந்தாலும் பாயில்தான். அங்கே காற்று நன்றாக வருமாக்கும் என்று நான் நினைத்திருந்தேன். மாமா தலையைச் சொறிந்து, அவர்களுக்கு மித்காவைக் கொடுத்தார். மட்டை பிடிக்க என்னை விட்டார். நான் வாய் திறவாத பிள்ளை.

"படலைக்கு வெளியிலை நில். உள்ளுக்குப் போகாதை" என்று அம்மா சொல்லி அனுப்பினார். நாய் கடிக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் நாயே இல்லை.

மித்கா என்றால் இனிப்பு என்று போதகர் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் அந்த வீட்டுக்கார அம்மா கருப்பநீர் வைத்திருந்தார், விடிய இறக்கிய, கள்ளாகாத பனஞ்சாறு, முட்டி முட்டியாக. குடிக்க ஓலையில் மடித்த புதுப் பிளாக்கள் ஒரு கடகம் நிறைய. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது.

"வெயிலுக்கை நிக்காதை, பிள்ளை. உள்ளுக்கு வா."

"அம்மா வேண்டாமெண்டவ."

"அம்மா சொன்னாச் சரி" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு தலையை உயர்த்தி, "இஞ்சேருங்கோ, வருகினமோ?" என்று கூப்பிட்டார். அவர் புருசன் பனை உச்சி வட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோசே வாறார்! தாடி பறக்குது!" என்று மேலிருந்து சத்தம் வந்தது. அந்த அம்மா ஓடிப்போய்ப் பிளாக்களை எடுத்து வரிசையாக அடுக்கினார். பாட்டும் கிட்டக் கேட்டது. பிறகு எட்டக் கேட்டது.

"மற்ற ஒழுங்கையாலை திரும்பீட்டினம்" என்றார் மேலே இருந்தவர், குரல் தணிந்து.

நான் மட்டையோடு ஓடினேன். மாமாவின் தும்புத் தாடி கழுத்துக்கு இறங்கியிருந்தது. கையில் கோலாக, எங்கள் வீட்டில் மாங்காய் பறிக்கிற கொக்கத்தடி.

"மாமா, மித்கா!"

"எடியே, நீ ஏன் இஞ்சை வந்தனி? அதிலை ஒண்டும் நடக்கேல்லை. அஸ்மோனாவுக்கு வா, மோர் இருக்கு."

"பட்டியலிலை இருக்கு, மாமா."

"மோசேக்குத் தெரியாத ஊர் உனக்குத் தெரியுமோ?"

இஸ்ரவேலர் அவ்வளவு பேரும் சிரித்தார்கள். வழி தெரியாத மனுசனுக்கு இவ்வளவு பெரிய தாடி எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்காமல் ஒரு பாளயத்தை எப்படி விடுவது? திரும்பி வந்து, படலையைத் தள்ளிக்கொண்டு நேரே முற்றத்தில் போய் இருந்தேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு ஒரு பிளாவில் வார்த்துத் தந்தார். குடித்தேன். பிறகும் தந்தார். பனையிலிருந்து இறங்கி வந்த புருசன் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஒரு கோத்திரம் வந்திட்டுது. காணும்" என்றார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. மிச்சம் கிடந்த பிளாக்களை ஒன்றொன்றாகக் கடகத்தில் திரும்ப வைத்தார்.

கானானில் போதகர், எல்லாப் பாளயமும் இறங்கினீர்களா என்று கேட்டார்.

"ஒண்டும் விடேல்லை, ஐயா" என்றார் மாமா, தாடியை அவிழ்த்தபடி. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தார். கன்னமெல்லாம் பிசுபிசுத்திருந்தது.

"எங்கை குடிச்சனி?"

"மித்காவிலை. உள்ளுக்கை இருந்து."

அம்மா என்னைச் சட்டையோடு கிணற்றடிக்கு இழுத்துப் போய்த் தலையில் வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். "கொப்புளி, நல்லாய்க் கொப்புளி" என்றார். அந்த வெயிலுக்குத் தண்ணீர் அமிர்தமாய் இருந்தது. நான் எவ்வளவு நேரம் காய்ந்துபோய் நின்றேன் என்று வீட்டில் ஒருவருக்காவது விளங்கியதே என்று என் கோபமெல்லாம் ஆறிப்போயிற்று. இன்னும் ஒரு வாளி ஊற்றச் சொல்லி, தலையைக் குனிந்து காட்டினேன்.