கை வலிக்கு நெஞ்சைப் பார்ப்பது

கடலூர் கோர்ட் வாசலில் மனு டைப் அடித்துத் தந்த அந்த அம்மாவுக்கு முடக்குவாதத்தில் விரல்களெல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். சூடான டீ கிளாஸைப் பொத்திப் பிடித்து, விரல்கள் மடங்க ஆரம்பித்த பிறகுதான் வேலையைத் தொடங்குவார்.

ஒருநாள் என் மனுவை அடித்தபடியே சொன்னார்: "சிதம்பரத்துல டாக்டரு ஈசிஜி எடுக்கச் சொல்றாரு சார். இந்த வாதம் இருந்தா ஹார்ட்டுக்கும் ஆபத்து ஜாஸ்தியாம். கை வலின்னு போனா நெஞ்சப் பாக்கணுங்கறாங்க." சிரித்தார்.

"சும்மா பயமுறுத்துவாங்கம்மா" என்றேன்.

"நானும் அதான் நெனச்சேன் சார்."

அடுத்த வாய்தாவுக்குப் போனபோது அவர் இல்லை. பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டாராம். டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லையாம்.

அன்று அவர் என்னிடம் யோசனைதான் கேட்டாரோ என்று இப்போது தோன்றுகிறது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.