மணலுக்காகப் போட்ட டயர்கள்

என் கணவர் வள்ளத்திலிருந்து மீன்பெட்டி இறக்கும்போது வழுக்கி விழுந்து முள்ளந்தண்டில் அடிபட்ட பிறகு, எங்கள் சின்ன லொறியை நான்தான் ஓட்டுகிறேன். விடியும்போது இறக்கக்கண்டிக் கரைக்குப் போய், கரைவலை மீனை ஏற்றி, ஐஸ் போட்டுத் திருகோணமலைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். கிளச் மிதிக்க அவரால் முடியாது. ஆனாலும் வீட்டில் நிற்க மாட்டார். இடுப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு, கதவைப் பிடித்து மெல்ல ஏறி, எனக்குப் பக்கத்தில் இருப்பார்.

தார் வீதியில் எனக்குப் பயமில்லை. கரையில் மீன் இறக்கும் கொட்டிலான வாடிக்குப் போகும் மணற்பாதைதான் பயம். ஒருநாள் பின்சில்லுகள் இரண்டும் அச்சுவரை புதைந்துவிட்டன. வலை இழுத்தவர்கள் ஓடிவந்து தள்ளினார்கள். தள்ளியவர்களில் ஒருவர், "பொம்பிளை ஓட்டினா இப்பிடித்தான்" என்று சிரித்தார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. என் கணவருக்குப் பட்டது. எல்லாரும் தோள்கொடுத்துத் தள்ள, தான் மட்டும் இறங்க முடியாமல் ஆசனத்தில் இருந்தார்.

அடுத்த கிழமை கராஜுக்கு லொறியை விடச் சொன்னார். பெரிய டயர்கள் வாங்கி வைத்திருந்தார். கராஜ்காரர் கிண்ணியாப் பக்கத்து ஆள், நல்ல மனிதர். டயரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணன், இந்த எஞ்சினுக்கு இது பாரம். இழுவை குறையும், டீசலும் குடிக்கும்" என்றார்.

"பரவாயில்லை. மணலுக்குள்ள புதையாம இருந்தாக் காணும்" என்றார் இவர்.

முதல் நாள் லொறி மணலில் வள்ளம்போல மிதந்து போனது. வாடி வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தினேன். விழுந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அந்தச் சிரிப்புக்காகவே நான் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டியரிங்கை முழுதாக வெட்டினால் டயர் மட்கார்டில் உரசியது. பாரத்தோடு வெளிக்கிட்டால் இரண்டாம் கியருக்கு மாற்றியதும் எஞ்சின் திணறியது. வழியிலுள்ள பாலத்து ஏற்றத்தில் திரும்பவும் முதலாம் கியருக்கு வரவேண்டியிருந்தது. அதே பாதை, அதே பாரம். முந்தி ஒரு கிழமைக்குப் போதுமாயிருந்த டீசல் இப்போது இடையிலேயே முடிந்து, உப்புவெளியில் பெற்றோல் செட்டுக்குத் திருப்ப வேண்டிவந்தது. நிலாவெளி வீதியில் ஒரு பொலிஸ்காரர் மறித்து, வேகம் கூடிப்போச்சு என்றார். மீட்டரைப் பார்த்துத்தானே ஓட்டினேன் என்று எனக்குக் குழப்பம். அவர் எச்சரித்துவிட்டு விட்டுவிட்டார். லொறி நகர்ந்த பிறகு இவர்தான் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சில்லு பெரிசு. ஒரு சுத்துக்குக் கூடின தூரம் ஓடும். மீட்டருக்கு அது தெரியாது."

தெரிந்துதான் இருக்கிறார் என்று அப்போது விளங்கியது. இருந்தும் நான் கேட்கவில்லை.

பிறகு அந்தக் காலை. சந்தைக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தோம். குப்பைத்தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்மான் வீதிக்கு இறங்கியது. எங்கள் ஊரில் மான் வீதியில் நிற்பது புதினமில்லை; தூரத்தில் கண்டதுமே பிரேக்கை அழுத்தினேன். லொறி நிற்கவில்லை. நிற்பதுபோல் இழுத்து இழுத்து முன்னுக்கே போனது. பின்னால் மீன்பெட்டிகள் சறுக்கி மோதும் சத்தம் கேட்டது. மான் அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் அதன் வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் நின்றோம். அது சாவகாசமாகக் கடந்து போனது.

இவர் முள்ளந்தண்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். நான் பதறி, "இஞ்சாருங்கோ, நோகுதோ? நான் இன்னும் முந்தி மிதிச்சிருக்க வேணும்" என்றேன்.

"இல்லை. நீர் வேளைக்கே மிதிச்சனீர், நான் பார்த்துக்கொண்டு இருந்தனான்." மூச்சு வாங்கினார். "பிழை உம்மில இல்லை. சில்லில. கழட்டுவம்."

"கழட்டினா மணலுக்குள்ள என்ன செய்யிறது?"

வீதியைப் பார்த்தபடியே சொன்னார். கல்யாணத்துக்கு முதல் புல்மோட்டையில் மணல் லொறி ஓட்டியவர் அவர். அங்கே மணலில் இறங்குமுன் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குவார்களாம். டயர் பரந்து மணலில் புதையாமல் போகும். வீதிக்கு வந்ததும் திரும்ப அடிப்பார்களாம்.

"அப்ப ஏன் முதலிலேயே சொல்லேல்லை?"

"நாலு சில்லுக்கும் குனிய வேணும். என்னால ஏலாது. காலமை காலமை உம்மைக் குந்த வைக்க மனம் வரேல்லை."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "என்னட்டக் கேட்டனீங்களோ?" என்றேன்.

"கேக்கேல்லை" என்றார்.

அன்று பின்னேரமே கராஜுக்குப் போனோம். கராஜ்காரர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பழைய டயர்களைப் பூட்டித் தந்தார். பெரியவற்றை, பெரிய எஞ்சின் வாகனம் வைத்திருந்த புல்மோட்டைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். வண்டியின் பற்றரியில் கொளுவிக் காற்றடிக்கும் சின்ன மெசின் ஒன்றும் வாங்கினோம்.

இப்போது மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு நான் இறங்கிக் குந்தி, ஒவ்வொரு டயராகக் காற்றை இறக்குகிறேன். வரும்போது அதே இடத்தில் மெசினை மடியில் வைத்துக்கொண்டு இவர் காற்றின் அளவைக் காட்டும் முள்ளைப் பார்ப்பார். நான் குழாயைப் பிடித்திருப்பேன். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... காணும்!" என்று கதவுக்குள்ளால் கத்துவார். சந்தைக்குச் சற்றுப் பிந்தித்தான் போகிறோம். வியாபாரிகள் முணுமுணுப்பார்கள். "காத்தடிச்சிட்டு வாறம்" என்று இவரே அவர்களுக்கு எட்டிச் சொல்வார்.