கட்டன், டப்பா, பதினொரு கிலோ

படகு நிக்கிற ஜெட்டிக்குப் போற வழியில ஒரு பேக்கரி இருக்கு. அந்தக் கடை ஃப்ரிட்ஜ்ல ஒல்லி ஒல்லியா டப்பா அடுக்கி வச்சிருப்பான். குடிச்சா சக்தி வருமாம். அதைப் பார்த்தா எனக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டு வரும். அந்தக் கடை வர்றதுக்கு முன்னாடியே ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிருவேன். கூட வர்றவங்க ஏன்னு கேட்டா வெயிலுன்னு சொல்லுவேன். வெயிலாவது மண்ணாங்கட்டியாவது. கோவம்தான்.

நாங்க கம்பத்துக்காரங்க. அப்பாவுக்கு இங்க கொச்சி கார்ப்பரேஷன்ல தெரு கூட்டுற வேலை. நானும் தங்கச்சியும் அம்மாவோட ஊர்ல இருந்தோம். தொண்ணூறுகள் ஆரம்பத்துல அம்மா போய்ச் சேர்ந்தாங்க, அப்பா எங்க ரெண்டு பேரையும் மட்டாஞ்சேரிக்குக் கூட்டிட்டு வந்துட்டார். எனக்குப் பதினாறு, அவளுக்கு ஏழு. நான் பத்தாவது வரைக்கும் தமிழ்ல படிச்சவ, வந்த வாரமே சுக்கு கோடவுனுக்கு வேலைக்குப் போயிட்டேன். அவ மலையாளப் பள்ளிக்கூடத்துக்குப் போனா. அதனால என் மலையாளம் காதால பொறுக்கினது. அவ மலையாளம் எழுத்தோட வந்தது. அப்பாவுக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டுறது அவதான். வீட்ல தமிழ்தான் பேசுவா, ஆனா தமிழ்ல தன் பேரை எழுதச் சொன்னா முழிப்பா.

அவ குண்டு. சின்னதுலேர்ந்தே குண்டு. நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. பூசணின்னுதான் கூப்பிடுவேன். "பூசணி, தள்ளிப் படுடி, சுவரு இடிஞ்சிரப் போகுது." அவளும் விழுந்து விழுந்து சிரிப்பா. சிரிக்கிறாளே, அப்புறம் என்னன்னு நான் விட்டுட்டேன். வளர்த்தது நான், சோறு போட்டது நான், கேலி பண்ற உரிமையும் எனக்குத்தான்னு ஒரு திமிரு.

படிப்பு முடிஞ்சதும் எர்ணாகுளத்துல ஒரு பெரிய துணிக்கடையில சேல்ஸ் கேர்ள் வேலை கிடைச்சுது. ரெண்டாயிரம் தாண்டி மூணு நாலு வருஷம் இருக்கும். காலையில ஜெட்டியில போட்டு ஏறிப் போவா, இருட்டினப்புறம் அதே படகுல வருவா. ஏசி கடை, யூனிஃபார்ம் சாரி, கழுத்துல அட்டை. அக்கம்பக்கத்துல எனக்கு என்ன பெருமைங்கிறீங்க. ஒரு மாசம் கழிச்சுத்தான் காலைப் பார்த்தேன். கணுக்கால் ரெண்டும் வீங்கி, செருப்பு வார் பதிஞ்சு கிடந்துச்சு.

அந்தக் கடையில உக்காரக் கூடாது. ஆள் இல்லாத நேரத்துலகூட உக்காரக் கூடாது. ஒரு ஸ்டூல் கிடையாது. சுவத்துல சாஞ்சா சூப்பர்வைசர் வந்துருவான். ஒண்ணுக்குப் போகணும்னா அவன்கிட்ட கேக்கணும், அதுவும் மூணாவது மாடிக்குப் பின்னால. பொம்பளைப் பிள்ளை ஒரு ஆம்பளைகிட்ட எத்தனை தடவை போய்க் கேக்கும்? அதனால அங்க இருக்கிற பிள்ளைங்க தண்ணியே குடிக்காதுங்க. நாசமாப் போறவனுங்க! நாங்க சுக்கு பொறுக்குறவங்க நாள் முழுக்கத் தூசி திங்கிறோம். தின்னாலும் உக்காந்துதான் தின்னோம். பத்து மணிக்கு சாயா, மூணு மணிக்கு சாயா, நடுவுல நாலு கதை.

தண்ணி குடிக்காம, உக்காராம, பத்து மணி நேரம் எப்படித்தான் நிக்கிறதாம்? அதுக்கு அந்தப் பிள்ளைங்க ஒரு வழி வச்சிருந்தாங்க. கட்டன். பால் ஊத்தாத கறுப்புக் காப்பி, சின்ன கிளாஸ்ல பாதி. அதைக் குடிச்சா தூக்கமும் வராது, பசியும் வராது, ஒண்ணுக்கும் அவ்வளவா வராதுன்னு அவங்களுக்குள்ள ஒரு கணக்கு. என் தங்கச்சி முதல்ல காலையில ஒண்ணு குடிச்சா. அப்புறம் மத்தியானம் ஒண்ணு. அப்புறம் எத்தனைன்னு அவளுக்கே தெரியாது.

அவளைக் கீழ்த்தளத்துல பாவாடை, லைனிங் துணி விக்கிற இடத்துல போட்டிருந்தாங்க. அவளுக்கு ஒரே ஆசை, மேல கல்யாணப் பட்டு செக்‌ஷனுக்குப் போகணும். அங்க நிக்கிற பிள்ளைங்க பட்டைத் தன் மேல உடுத்திக் காட்டுவாங்க, பொண்ணு வீட்டுக்காரங்க சுத்தி உக்காந்து பார்ப்பாங்க. இவ போய் சூப்பர்வைசர்கிட்ட கேட்டிருக்கா. அவன் மேலயும் கீழயும் பார்த்துட்டு, "நீ உடுத்தா சாரி செறுதாயிப் போகும். தடி குறச்சிட்டு வா"ன்னானாம். தடின்னா இங்க உடம்புப் பருமன். நீ கட்டினா சாரி பத்தாது, உடம்பைக் குறைச்சுட்டு வான்னு, பத்துப் பேர் முன்னால சொல்லியிருக்கான்.

வீட்டுக்கு வந்து சொன்னா. நான் என்ன செஞ்சிருக்கணும்? அவன் வாயில வசம்பை வச்சுத் தேய்க்கன்னு நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கணும். நான் சிரிச்சேன். "அவன் சொல்றதுல என்னடி தப்பு? பூசணிக்குப் பட்டு கட்டினா பட்டுதான் பாவம்"னேன். அன்னிக்கு அவ சிரிக்கல. கப்பைக் கிழங்கும் மீனும் போட்டு வச்ச தட்டை அப்படியே மூடிட்டு எழுந்து போயிட்டா.

மறுவாரம் அந்த பேக்கரி டப்பா வீட்டுக்கு வந்துச்சு. கடையில எவளோ சொல்லியிருக்கா, இதைக் குடிச்சா கொழுப்பு எரிஞ்சிரும்னு. டப்பாவுல அப்படி ஒண்ணும் எழுதல. குழந்தைங்களுக்கு ஆகாது, கர்ப்பிணிக்கு ஆகாதுன்னுதான் பொடி எழுத்துல போட்டிருந்துச்சு. அவளே வாசிச்சுச் சொல்லிட்டு, "நான் ரெண்டும் இல்லையேக்கா"ன்னா. நான் ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன். இருமல் மருந்துல சோடா ஊத்தின மாதிரி இருந்துச்சு. தூன்னு துப்பிட்டேன். என் வாய்க்கு ஆகலைன்னு துப்பினேனே தவிர, அவ கையிலேர்ந்து பிடுங்கி எறியல.

காலையில புட்டு வேண்டாம், ஒரு டப்பா. மத்தியானம் சோறு வேண்டாம், கட்டன். சாயங்காலம் மறுபடி கட்டன். ஞாயித்துக்கிழமை ஆனா எங்க கோடவுனுக்கு வருவா. சுக்குச் சாக்கு நிறுக்கிற பெரிய தராசு இருக்கும், அதுல செருப்பைக் கழட்டிட்டு ஏறி நிப்பா. நான்தான் நிறுத்துச் சொல்லுவேன். முதல் மாசம் மூணு கிலோ இறங்குச்சு. அப்புறம் அஞ்சு. ஆறு மாசத்துல பதினொண்ணு. கோடவுன் பொம்பளைங்க கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.

தெருவுல பார்க்கிறவங்க எல்லாம் நின்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. "அய்யோ மோளே, ஆகெ க்ஷீணிச்சுப் போயல்லோ!" எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. ஏன்னா க்ஷீணிச்சுன்னா மெலிஞ்சதுன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். யார் உடம்பு இளைச்சு வந்தாலும் இங்க அந்த வார்த்தையைத்தானே சொல்றாங்க? அது மெலிஞ்சதைச் சொல்ற வார்த்தை மட்டும் இல்ல, வாடிப் போய்ட்டே, உடம்புக்கு என்ன ஆச்சுன்னு பதறிக் கேக்கிற வார்த்தைன்னு எனக்குத் தெரியாது. எங்க கோடவுன்ல முடியலைன்னா யாரும் க்ஷீணம்னு சொல்ல மாட்டாங்க. "வய்யா"ம்பாங்க, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா, உம்மான்னுதான் கூப்பிடுவோம், கன்னத்துல கை வச்சுக்கிட்டு அதைச் சொன்னப்ப, நான் பல்லைக் காட்டிக்கிட்டு, "ஆமா உம்மா, நல்லா க்ஷீணிச்சுட்டா"ன்னேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு உள்ள போயிட்டாங்க. பொறாமைன்னு நினைச்சேன்.

அவ கை நடுங்குனது எனக்குத் தெரியும். ஊசியில நூல் கோக்க முடியாம என்கிட்ட நீட்டுவா. நெஞ்சு படபடன்னு அடிக்குதுக்கான்னு ரெண்டு தடவை சொல்லியிருக்கா. பட்டு செக்‌ஷன் கிடைக்கப் போற சந்தோஷம்டி, வேற என்னன்னேன். என் வாயை நானே கிழிச்சுக்கலாம்.

கிடைச்சுது. முதல் நாள் அரை நாள் லீவு போட்டுட்டு, சுக்குத் தூசியோட போய் ஓரமா நின்னேன். மாம்பழக் கலர் பட்டை எடுத்து ஒரே வீச்சுல தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்புனா. கண்ணுக்குக் கீழ கறுத்திருந்துச்சு, கழுத்து எலும்பு ரெண்டும் துருத்திக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அதெல்லாம் படல. போட்டுல வரும்போது அவ கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன், "அழகா இருக்கடி. நெசமாவே அழகா இருக்க." அவ ஜெட்டி வர்ற வரைக்கும் என் கையை விடவே இல்ல.

மூணு வாரம்தான். ஒரு திங்கக்கிழமை காலையில போட்டு ஏறக் கால் வச்சவ அப்படியே சரிஞ்சுட்டா. டிக்கெட் கொடுக்கிற சேட்டன்தான் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு, கோடவுனுக்கு ஆள் விட்டார். நான் ஓடுன ஓட்டத்துல செருப்பு எங்க விழுந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

லேடி டாக்டர். கையில பேனாவை வச்சுக்கிட்டு என்னைக் கேட்டாங்க, "க்ஷீணம் தொடங்கியிட்டு எத்ர நாளாயி?"

நான் சொன்னேன், "ஆறு மாசம் ஆச்சு டாக்டர். பதினொரு கிலோ!"

சொல்லும்போது என் குரல்ல பெருமை இருந்துச்சு. அந்தப் படபடப்புலயும் இருந்துச்சு. டாக்டர் பேனாவை மேஜையில வச்சாங்க. எங்க ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவங்க போல, நிறுத்தி நிறுத்தித் தமிழ்ல சொன்னாங்க. "நான் உடம்பு குறைஞ்சதைக் கேக்கலம்மா. இந்தப் பொண்ணுக்கு எப்பலேர்ந்து முடியலைன்னு கேக்கிறேன்." அப்புறம் எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத் தலையில கை வச்சுக்கிட்டாங்க. மெலிஞ்சது டப்பாவால இல்ல, சோறு திங்காததால. டப்பாவுல இருக்கிறது சர்க்கரையும், காப்பியில இருக்கிற அதே சங்கதியும். அது பசியை மறைச்சு நெஞ்சைத் துரத்தியிருக்கு. உடம்புல தண்ணி இல்ல, உப்பு இல்ல, நெஞ்சு தாளம் தப்பி அடிக்குது, ரெண்டு நாள் போகட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்னாங்க.

அந்த ரெண்டு நாள்ல நான் சும்மா இருக்கல. துணிக்கடைக்குப் போய் அந்த சூப்பர்வைசரை ஜனங்க முன்னால வச்சுக் கிழிச்சேன். "ஞான் குடிக்கான் பறஞ்ஞோ?"ன்னான். நான் குடிக்கச் சொன்னேனாங்கிறான்! அவன் பின்னால வேற ஒரு பிள்ளை அதே மாம்பழக் கலர் பட்டை உடுத்திக்கிட்டு நின்னுச்சு. அங்கேர்ந்து பேக்கரிக்குப் போனேன். "இது விஷமொன்னும் அல்ல சேச்சி, எல்லாரும் குடிக்கிறாங்க"ன்னான் அவன். எல்லாவன்கிட்டயும் ஒரு பதில் இருந்துச்சு. எனக்குத் தொண்டை கட்டினதுதான் மிச்சம்.

மூணாம் நாள் கண்ணைத் திறந்து நல்லாப் பேசுனா. பொழைச்சுக்கிட்டான்னு டாக்டர் சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சு. கட்டில் பக்கத்துல உக்காந்து கஞ்சியை ஊட்டிக்கிட்டே எல்லாரையும் திட்டுனேன். அவனைத் திட்டுனேன், இவனைத் திட்டுனேன். கடைசியில தெருக்காரங்களைப் பிடிச்சுக்கிட்டேன். "க்ஷீணிச்சு க்ஷீணிச்சுன்னு மூக்கால அழுதாங்களே, சீக்காளி மாதிரி இருக்கான்னு ஒருத்தியாவது எனக்குப் புரியற மாதிரி சொன்னாளாடி? எனக்கு அந்த எழவு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமப் போச்சே!"

"எனக்குத் தெரியும்க்கா"ன்னா.

கரண்டி அந்தரத்துல நின்னு போச்சு.

"நான் மலையாளம் படிச்சவ. அவங்க சொன்னது எனக்கு முதல் நாளே புரிஞ்சுது."

"புரிஞ்சுமாடி குடிச்ச?"

அவ கோவமாச் சொல்லல. அன்னிக்கு அவகிட்ட கோவத்துக்குத் தெம்பே இல்ல. "ஊர்ல எல்லாரும் வாடிட்டேன்னாங்க. நீ மட்டும்தான் அழகா இருக்கேன்னு சொன்ன. அதுக்கு முன்னால நீ ஒரு நாளும் சொன்னதில்லக்கா."

கஞ்சி ஆறிப் போச்சு. நான் அதைத்தான் ஊட்டுனேன், அவளும் குடிச்சா.

இப்ப அவ கும்பளங்கியில கல்யாணம் கட்டி நல்லா இருக்கா. பழையபடி குண்டுதான். தையல் மிஷின் போட்டிருக்கா, நாள் முழுக்க உக்காந்துதான் வேலை. சாயா கிடையாது, காப்பி கிடையாது, ஜீரகத் தண்ணிதான். நான் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறேன். முதல் தடவை கூப்பிட்டப்ப அவ திரும்பியே பார்க்கல, வேற யாரையோன்னு நினைச்சுட்டா.

அந்த பேக்கரி இன்னும் இருக்கு. கோவத்துல எதிர்ப்பக்கம் நடக்கிறேன்னு சொன்னேன்ல? பேக்கரிக்காரன் மேல கோவம்னா அன்னிக்கு மாதிரி நேராப் போய் சண்டை போட மாட்டேனா, எனக்கென்ன பயமா? அந்த ஃப்ரிட்ஜ் கண்ணாடியில டப்பாவோட சேர்த்து என் மூஞ்சியும் தெரியும். அதான்.