உப்பு கூடவா, குறையவா?

ஈப்போவில் மருந்துக் கடை வாசலில், மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினாப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் தோட்டம் இருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து பலகை ஏற்றி வந்த லாரிக்காரர் என்னைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "டிரெசர் அய்யா, ஒங்க ஆஸ்பத்திரி கஞ்சிக்காரம்மா போயிட்டாங்க. காலைக் கஞ்சிக்கு அப்புறமாம்" என்றார். மிச்சப் பெட்டிகளை ஏற்றி முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன். கடமை உணர்ச்சியெல்லாம் இல்லை. கை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

காத்தாயி அம்மாள் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிச் சமையற்காரர். மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெசர் நான். அவர் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவர்கள் அந்த வட்டாரத்தில் பலர் இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை அவரை "ஏ காத்தாயி" என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இப்போது "அவர்" என்று எழுதுகிறேன். செத்த பிறகு கொடுக்கும் மரியாதைக்குச் செலவு ஒன்றுமில்லை அல்லவா?

அந்த ஆஸ்பத்திரி ஒரே நீள அறை. பன்னிரண்டு பலகைக் கட்டில், சன்னலுக்குக் கம்பிவலை. காய்ச்சலோடு தங்கள் லயத்து வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள் என்று கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு. அதற்குச் சாவி என் இடுப்பில். அதனால் நான் வெளியே இருந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். நோயாளி பிழைத்தால் கதவைத் தாண்டுவான், செத்தாலும் தாண்டுவான். எனக்கு இரண்டு வழியும் இல்லை. தினமும் காலையில் துரை வந்து கஞ்சி மங்குகளை வரிசையாகப் பார்ப்பார். மங்கு காலியாக இருந்தால் நோயாளிக்குச் சாப்பாடு போட்டாயிற்று என்று பொருள். மிச்சம் இருந்தால் டிரெசர் வேலை செய்யவில்லை என்று பொருள். ஆகவே மங்கைக் காலியாக்குவதுதான் என் வைத்தியத்தில் பாதி.

ரப்பர் விலை விழுந்த வருஷம் காத்தாயி அம்மாள் அடுப்படிக்கு வந்தார். பால்மரம் வெட்டப் போன இடத்தில் கிளை விழுந்து இடது கால் நொண்டியாகிவிட்டது. அதுவரை சாப்பாட்டு வேளையில் வார்டு பெருக்கும் பொன்னி வாசலில் நின்று "மக்கான்! மக்கான்!" என்று மலாயில் சாப்பிடக் கூப்பிட்டுக் கத்துவாள். மங்குகள் நீளும், கஞ்சி விழும், முடிந்தது. இவர் வந்த முதல் நாளே வாளியைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாக நொண்டிப் போனார். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "உப்பு கூடவா, கொறையவா? சூடாவா, ஆறட்டுமா?" என்று கேட்டார். பத்து நிமிஷ வேலை ஒரு மணி நேரம் ஆயிற்று. எனக்கு முன்கோபம். "இருக்கிறது ஒரே பானை. இதில் என்ன கேள்வி?" என்று கத்தினேன். அவர் வாளியைக் கீழே வைக்கவேயில்லை. "பானை ஒண்ணுதான் அய்யா. வாயி பன்னெண்டு இருக்குல்ல" என்றார்.

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னால் ஒருநாள் சொன்னார். கப்பலை விட்டு இறங்கியதும், தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க அவரையும் புருஷனையும் ஒரு முகாமில் அடைத்து வைத்தார்களாம். "பேரு கேட்டாங்க, ஊரு கேட்டாங்க, கங்காணி யாருன்னு கேட்டாங்க. போதுமான்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல. எட்டாம் நாளு அவரு அங்கயே போயிட்டாரு. கடைசியாத் தின்ன சோறு அவருக்குப் புடிச்சுதா இல்லையான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது அய்யா." அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, அழாமல் சொன்னார். பிறகு அவரே சொன்னார்: "கேட்டுப் போட்டாச் சோறு. கேக்காமப் போட்டாத் தீனி. நம்ம இங்க எதையும் தீர்மானிக்க முடியாது. எந்த வெரையில எந்த மரத்த வெட்டணும், எப்ப எந்திரிக்கணும், எல்லாம் மணியடிச்சுச் சொல்லிடுறாங்க. வாய்க்குள்ள போறதையாச்சும் ஒருத்தன் சொல்லட்டுமே."

தனியாகச் சாப்பிடும்போதும் அவருக்கு இதே வழக்கம். பாதியில் கையை நிறுத்தி, "காத்தாயி, போதுமா?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்வார். பதிலும் சொல்லிக்கொள்வார். நானும் பொன்னியும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். நான் நின்றபடியே நாலு வாயில் முடிப்பவன். "நீங்க சாப்பிடல அய்யா, உள்ள தள்ளுறீங்க" என்பார்.

சடையன் விஷயத்தில்தான் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. தோட்டத்தைவிட்டு இரண்டு முறை ஓடி, இரண்டு முறையும் பிடித்து வரப்பட்டவன். இரண்டாம் தடவை காய்ச்சலோடு வந்தான். வந்த அன்றே வாயை மூடிக்கொண்டான். அம்மாள் கேட்டார், வேண்டாம் என்று தலையாட்டினான், அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மறுநாளும் அதே கதை. நான் மங்கை எடுத்துப் போய் அவன் மூக்கைப் பிடித்தேன். மூச்சுக்கு வாயைத் திறந்தால் ஊற்றிவிடலாம். எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்வதுதான். பின்னாலிருந்து ஒரு கை மங்கைப் பிடுங்கியது. காத்தாயி அம்மாள் அந்தக் கஞ்சி முழுவதையும் என் கண்ணெதிரே மடமடவென்று குடித்தார். "மங்கு காலி. தொரைக்குக் காமிங்க" என்று என் கையில் கொடுத்தார். "அவன் வேணாங்குறான். அதுவும் ஒரு பதிலுதான அய்யா?"

"அவன் சாவான்" என்றேன்.

"தெரியும். அதான் மூணு வேளையும் போய்க் கேக்குறேன்" என்றார். சொல்லிவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பயம் இல்லாமல் பேசியவர் அல்ல அவர்.

நான்காம் நாள் கேள்வியை மாற்றினார். "என்னதான்டா வேணும்?" சடையன் முதல் தடவையாக வாயைத் திறந்து, "கம்மங்கூழு" என்றான். இந்த நாட்டில் கம்புக்கு எங்கே போவது? வேறு யாராக இருந்தாலும் எதையாவது கரைத்துக் கொண்டுவந்து இதுதான் கூழ் என்றிருப்பார்கள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்: "கம்பு கெடைக்காதுடா. மரவள்ளி மாவக் காச்சிப் புளிக்க வச்சுத் தாரேன். கூழு இல்லன்னு தெரிஞ்சே குடிக்கிறியா?" அவன் சரி என்றான். மறுநாள் குடித்தான், பிழைத்தான், அடுத்த மாதம் மறுபடியும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பேர் கொடுத்தான். பிழைத்தது அவனுக்கு நல்லதா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

போன வாரம் காத்தாயி அம்மாளே அந்தக் கட்டில்களில் ஒன்றில் படுத்தார். காய்ச்சல் இறங்கவில்லை, கையிருப்பில் கொயினா தீர்ந்துவிட்டது. ஈப்போவுக்குப் புறப்பட்டேன். கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுக்கும்போது பொன்னியைத் தனியே கூப்பிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "அவள் வேண்டாம் என்பாள். விடாதே. மூக்கைப் பிடித்தாவது ஊற்று." இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்த நான், இதைத்தான் சொன்னேன். எனக்கு அவர் வேண்டும். அவருக்கு என்ன வேண்டும் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வந்தபோது பொன்னி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று அழுதாள்.

"நீங்க சொன்னதச் செய்ய முடியல அய்யா. மங்கக் கொண்டுபோனேன். மொகத்தப் பாத்ததும் வாயி தானாக் கேட்டுடுச்சு, உப்பு கூடவா கொறையவான்னு. 'இன்னிக்கு வேணாம் பொன்னி'ன்னாங்க. மங்க மூடி வச்சுட்டேன். அப்புறம், 'டிரெசரு என்ன சொல்லிட்டுப் போனாரு?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னாய்?"

"ஒங்களக் கேட்டுக் குடுக்கச் சொன்னாருன்னு சொன்னேன். லேசாச் சிரிச்சாங்க. 'பரவால்ல, மனுசன் கத்துக்கிட்டாரு'ன்னாங்க. அதுக்கப்புறம் பேசல."

பொன்னியை நான் திட்டவில்லை. நன்றியும் சொல்லவில்லை. காத்தாயி அம்மாள் என்னைப் பற்றி ஒரு பொய்யை நம்பி, அதில் சந்தோஷப்பட்டுக்கொண்டு போய்விட்டார். அது பொய் என்று அவரிடம் போய்ச் சொல்ல இனி வழியில்லை. அந்தச் சிரிப்பு என் சொத்து அல்ல. ஆனாலும் அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அது ஒன்றுதான். அதற்குத் தகுதியாகிவிட வேண்டும் என்று மூன்று வேளையும் வாளியை நானே தூக்கிக்கொண்டு, பூட்டைத் திறந்து, உள்ளே போகிறேன்.