பூட்ஸைக் கழற்றிய கால் மணி நேரம்

நான் பனியில் சறுக்கிப் போகக் கற்றுக்கொண்டவன் என்று சொன்னால் எங்கள் மலையின் பைல் நாட்டில் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கொல்லிமலையில் சாமை விதைத்துக்கொண்டிருந்தவன் காலில் ஆளுயரத்துக்கு மேல் நீளமான இரண்டு பலகைகளைக் கட்டி, காஷ்மீரத்துப் பனியில் தள்ளிவிட்டது நானா? பட்டாளத்துக்கு ஆள் எடுத்த எழுத்தர்தான்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது, மனைவி மூன்று மாதக் கர்ப்பம். நான் மலையிறங்கிப் போய் வரிசையில் நின்றேன். "எந்த ஊர்?" என்றார் எழுத்தர். "மலைங்க" என்றேன். மலையில் பிறந்தவன் என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம். சில மாதம் கழித்துப் பனிமலையில் நடக்க ஆள் வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டபோது, அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு என்னை ரயிலேற்றிவிட்டார்கள். மலை என்றால் எல்லாம் ஒரே மலை என்று அவர்களுக்கு நினைப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பட்டாளத்தில் கோபத்தை யாரிடம் காட்டுவது?

என்னோடு வந்த இன்னொரு தமிழன் எங்கள் மலையடிவாரத்துக்காரன், நாங்கள் கீழ்நாட்டான் என்போமே, அந்த வகை. கல் உடைக்கும் வேலை பார்த்தவன். அவன் எழுத்தரிடம், "மலைக்குக் கீழங்க" என்றுதான் சொன்னானாம். அவனையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். அத்தனை வடக்கத்திக்காரர்கள் நடுவில் எனக்குப் பேச்சுத்துணை அவன் ஒருவன்தான்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் கூடாரத்துத் துணியை விலக்கிப் பார்த்தேன். அடேயப்பா! அதை எப்படிச் சொல்வது? தரை இல்லை, கல் இல்லை, பாதை இல்லை. எல்லாம் வெள்ளை. மரங்கள் கிளை தாழ்ந்து சும்மா நின்றன. சத்தம் என்பதே கிடையாது. எங்கள் மலையில் நள்ளிரவிலும் ஏதாவது ஒரு பூச்சி கத்திக்கொண்டிருக்கும். இங்கே என் மூச்சு எனக்கே கேட்டது. வாய் திறந்தபடி நின்றேன், நாக்குக் குளிர்ந்துபோய்விட்டது.

பக்கத்தில் வந்து நின்ற கீழ்நாட்டான், "என்ன மாப்ளே, உப்பைக் கொட்டி வெச்ச மாதிரி இருக்குது!" என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்துவிட்டு அவன் கூடாரத்துக்குள் போய்விட்டான்.

பயிற்சி தொடங்கியது. பூட்ஸின் நுனி மட்டும் பலகையில் பூட்டியிருக்கும், குதிகால் எழும்பும். இரண்டு கையிலும் கோல். மலைச்சரிவில் விழுந்தடித்து இறங்குவதல்ல எங்களுக்கு வேலை. மேடும் சமதரையுமாக மைல் கணக்கில் போக வேண்டும். சொல்லிக்கொடுத்த ஹவில்தார் நாள் முழுக்க ஹிந்துஸ்தானியில் கத்துவார். "காலைத் தூக்காதே, தள்ளு" என்பதுதான் அதில் பாதி என்று பிறகு தெரிந்தது.

தூக்காமல் எப்படி நடப்பது? பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு கல்லிலும் வேரிலும் ஏறி வளர்ந்தவன் நான். ஒவ்வோர் அடியையும் தூக்கி வைத்து, விரலால் தரையைப் பிடிப்பதுதான் எனக்குத் தெரிந்த நடை. இங்கே பூட்ஸுக்குள் விரல் தவித்தது. பிடிக்க ஒன்றும் இல்லை. பலகையைத் தூக்கினேன், விழுந்தேன். எழுந்தேன், பின்னால் வழுக்கி மறுபடியும் விழுந்தேன். முதல் மூன்று நாளும் வடக்கத்திக்காரர்கள் என்னைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

கீழ்நாட்டான் என்ன செய்தான் தெரியுமா? இரண்டாம் நாளே ஓட ஆரம்பித்துவிட்டான்! அவன் ஊரில் எந்நேரமும் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறவன். அந்தச் சோம்பேறி நடை அங்கே வித்தையாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

"ஏப்பா மலைக்காரா, மலைய நீயே வெச்சுக்க, எனக்கு இந்தப் பலகை போதும்" என்று என்னைச் சுற்றி வந்தான்.

"எங்கியாவது போய் விழுந்து தொலை" என்றேன். விழவில்லை, பாவி.

ஐந்தாம் நாள் அவனுக்குப் பின்னாலேயே போய் அவன் காலையே பார்த்துக்கொண்டு தேய்த்தேன். எப்போது வந்தது என்று தெரியாது. ஒரு தள்ளுத் தள்ளினேன், கால் நின்ற பிறகும் நான் போய்க்கொண்டிருந்தேன். அடுத்த தள்ளு. மறுபடியும் போனேன். உடம்புக்கு எடையே இல்லை. பலகைக்கு அடியில் 'சர்ர்' என்று மெல்லிய சத்தம் மட்டும். நான் நடக்கவில்லை, ஓடவில்லை, அந்த வெள்ளை என்னைக் கூட்டிக்கொண்டு போகிறது என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் மைத்துனன் எழுதிய கடிதம் வந்தது. "மாமா, பொண்ணு பொறந்திருக்குதுங்க. பேரை நீங்க வந்து காதுல சொல்லோணும்னு அக்கா ஒத்தக்கால்ல நிக்கறா. அதுவரைக்கும் யாரும் பேரு வெக்கக் கூடாதாம்."

கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்தேன். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. ஆனால் ஒரு வழி இருந்தது. பயிற்சி முடியும் நாளில் ஒரு கணவாயைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கூடாரம் வரை போக வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேருகிறவனுக்கு ஒரு மாதம் லீவு என்று அதிகாரி சொல்லிவிட்டார். அன்று முதல் நான் பைத்தியமாகப் பழகினேன். நடக்கும்போதெல்லாம் பெண்ணுக்குப் பேர் யோசித்தேன். ஒரு பேர் முடிவாயிற்று.

அந்த நாள் விடியும்போதே கிளம்பினோம். எனக்கு முன்னால் நான்கு பேர்தான். கணவாய்க்கு ஏறும்போது வழுக்காதிருக்கப் பலகைக்கு அடியில் தோல்பட்டை கட்டிக்கொண்டோம். ஏற்றம் என்றால் எனக்குப் பயமா? அந்த நான்கு பேரில் மூன்று பேரைத் தாண்டினேன். உச்சியில் கால் வைத்ததும் எதிரே திரை விலகியது.

மலைக்குப் பின்னால் மலை. அதற்குப் பின்னாலும் மலை. வெயில் பட்டு எல்லாம் எரிந்தன. வானம் கறுப்பாகத் தெரியும் அளவுக்கு நீலம். அந்த மலைகளின்மேல் மனிதக் கால் பட்டிருக்காது. பார்த்தவுடன் என் கை தானாகக் கோலைக் கீழே போட்டது. எங்கள் நாட்டில் கோயில் காட்டு எல்லையை மிதித்தால் செருப்பைக் கழற்றிவிடுவோம். யாரும் சொல்ல வேண்டியதில்லை, கால் தானாகச் செய்யும். நான் குனிந்து பலகையைக் கழற்றினேன். பூட்ஸைக் கழற்றினேன். கம்பளிக் காலுறையையும் உருவினேன். வெறுங்காலோடு பனியில் நின்று கும்பிட்டேன்.

குளிர் தெரியவில்லை என்றால் நம்புவீர்களா? விரல்கள் பனியைப் பிடித்துக்கொண்டன. அத்தனை வாரத்தில் அன்றுதான் என் கால் தரையைத் தொட்டது.

பின்னால் வந்த ஹவில்தார் அலறியபோதுதான் சுயநினைவு வந்தது. கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். பாதம் கட்டைபோல் ஆகியிருந்தது. பூட்ஸ் கயிறு விறைத்துக் கம்பியாகிவிட்டது, விரல் மடங்கவில்லை. ஹவில்தாரோடு வந்த கீழ்நாட்டான் என் காலைத் தன் சட்டைக்குள் விட்டு வயிற்றில் வைத்துத் தேய்த்தான். "ஏன்டா, பைத்தியமாடா உனக்கு?" என்று அழுதான். அவனை வலுக்கட்டாயமாக முன்னால் துரத்தினேன். அவன் மூன்று மணிக்குள் போய்விட்டான். நான் போனபோது மணி மூன்றே முக்கால்.

லீவு அவனுக்குக் கிடைத்தது. பேரை அவனிடம் சொல்லி அனுப்பினேன். அவன் மலையேறிப் போய் என் மனைவியிடம் நடந்ததைச் சொல்லி, பேரையும் சொல்ல வாயெடுத்தானாம். அவள் தடுத்துவிட்டாள்.

"வேண்டாமுங்க. அவரு வரட்டும்."

நான் போக மூன்று வருஷம் ஆனது. யுத்தம் முடிந்த பிறகுதான் விட்டார்கள். ஏறிப் போனபோது வாசலில் ஒரு பெண்குழந்தை கோழியைத் துரத்திக்கொண்டிருந்தது. எல்லாரும் அவளைக் "கண்ணு" என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். மடியில் வைத்துக் காதில் மூன்று தடவை பேரைச் சொன்னேன். அவள் காதைத் துடைத்துக்கொண்டு இறங்கி ஓடினாள். அந்தப் பேருக்கு அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இன்றைக்கும் அவள் கண்ணுதான்.

அன்று சாயங்காலம் மனைவி என் பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "சாமி மலையப் பார்த்தா நானும் கழட்டியிருப்பனுங்க. ஆனா கும்புட்ட ஒடனே மாட்டிக்கிட்டு, புள்ளைக்காக ஓடியாந்திருப்பேன்."

"கயிறு விறைச்சுப்போச்சு" என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் கயிறு விறைத்தது பிறகுதான். அதற்கு முன்னால் அங்கே நின்ற கால் மணி நேரமும் எனக்கு ஒரு பெண் பிறந்திருக்கிறாள் என்ற நினைப்பே இல்லை. இதை மனைவியிடம் நான் சொன்னதில்லை.